கண்ணாடி உண்டியல்



திருவிழாக் கொடியேற்றத்திற்கு ஏழு வாரங்கள் இருக்கையில், எங்கள் பங்கின் விழாக் குழுவினர் சென்ற மாதம் ஒரு மாலை கூடியிருந்தனர். அழைப்பிதழின் அச்சுப்படி மேசைமீது கிடந்தது. வெளிநாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அனுப்பும் காணிக்கையைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, இளைஞர் ஒருவர் எழுந்து, "சாமி, பின்னட்டையில் ஒரு கிரிப்டோ முகவரியையும் கியூஆர் கட்டத்தையும் போட்டுவிடுவோம். யார் அனுப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயர் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்" என்றார்.

உள்ளபடி சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. உபயம் என்பது நம் ஊர்களில் எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதை நேயர்கள் அறிவீர்கள். கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பவர், தம் பெயர், தந்தை பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர் யாவற்றையும் அதன்மேல் எழுதச் சொல்கிறார். எழுத்துப் போக எஞ்சிய இடத்தில்தான் வெளிச்சம் வருகிறது. இந்நிலையில் பெயரே வேண்டாம் என்பவருக்கு ஒரு வழி திறந்து வைப்பதில் தவறென்ன என்று எண்ணினேன். இத்தகைய காணிக்கையைப் பெறுவது சட்டப்படி கூடுமா என்பதை ஆயரகப் பொருளாளர்தாம் சொல்லவேண்டும். அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்கு ஏறத்தாழத் தெரியும். ஆனால் அன்று என்னைத் தடுத்தது அது அன்று.

கடைசி வரிசையில் ஒருவர் அமர்ந்திருந்தார். துபாயில் கணினித் துறையில் பணிபுரிபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். கூட்டம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் போனபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்து, "சாமி, அந்தக் கட்டத்தை அச்சிடுவதற்கு முன் நான் பட்டதைக் கேட்டுவிடுங்கள்" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாயின் ஓர் எழுத்தும் இங்கே வந்திராது. இது திண்ணையில் கேட்டது. அவரும் இதில் தொடர்புடைய இன்னொரு வீட்டாரும் இசைவு தந்த பின்னரே, அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றி எழுதுகிறேன்.

அவர் தந்தையை இளமையிலேயே இழந்தவர். அக்காளுக்குத் திருமணம் ஆகிவிட்டது, தங்கைக்கு ஆகவேண்டும். அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி, அமெரிக்க டாலரின் மதிப்போடு பிணைக்கப்பட்ட ஒருவகைக் கிரிப்டோ நாணயமாக மாதந்தோறும் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அதனைத் தங்கையின் திருமணத்திற்கென்று தொடாமல் சேர்த்து வந்தார். சொன்னால் உறவில் பாதிப்பேர் கைமாற்றுக்கு வந்து நிற்பார்கள் என்று தாயிடமும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அக்காளின் கணவருக்கு ஒரு நெருக்கடி. இவர் முந்நூறு டாலர் அளவிற்கு உதவினார். அத்தானும் நாணயமானவர், நான்கு மாதத்தில் திருப்பித் தர முன்வந்தார். "இந்த முகவரிக்கே அனுப்பிவிடுங்கள், அத்தான்" என்று இவர் தமது முகவரியைக் கைப்பேசியில் அனுப்பினார்.

வினை அங்கேதான் தொடங்கிற்று. பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, அத்தான் இணையத்தில் அதற்கென்று உள்ள பக்கத்தைத் திறந்து முகவரியை இட்டார். தாம் அனுப்பிய முந்நூறும் வந்திருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு மாத இறுதியிலும் மைத்துனருக்கு வந்த சம்பளம், நாள், மணி, நிமிடத்தோடு இருந்தது. மேலே மொத்த இருப்பு இருந்தது. பதினான்கு மாதங்களாக ஒரே தொகை, ஒரே நாளில், வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பதும் இருந்தது. கடவுச்சொல் ஒன்றையும் அவர் திருடவில்லை. யாருடைய பூட்டையும் உடைக்கவில்லை. தெருவில் போகிறவர் சுவரொட்டியைப் படிப்பது போலப் படித்தார்.

அன்றிரவே செய்தி அக்காளுக்குப் போயிற்று, மறுநாள் தாய்க்கு. "கையில் ஒன்றுமில்லை என்றாயே, ராசா" என்று தாய் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வியைத் தம்மால் மறக்க முடியவில்லை என்றார். அதைவிட இருப்பின் கணக்கைச் சொல்லித் தீர்த்துவிடலாம். மாதந்தோறும் போகும் அந்தத் தொகை யாருக்கு? பிள்ளை அயல்நாட்டில் தனியே இருக்கிறான். சொந்தம் என்ன நினைக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆறு நாள் பொறுத்துப் பார்த்து, ஏழாம் நாள் உண்மையைச் சொன்னார். தம்மோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் நோயுற்று, வேலை செய்ய இயலாதவராகிவிட்டார். அவர் மனைவி மக்களுக்கு, நண்பரின் தம்பி வழியாக, இவர் மாதந்தோறும் அனுப்பிய உதவி அது. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஏனெனில் நண்பரின் நோயைப் பற்றி அவர்கள் தங்கள் ஊரில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டில் சொன்ன உண்மை ஒரு வீட்டில் நிற்கவில்லை. பெண் பார்க்க வருவதாய்ச் சொல்லியிருந்தவர்கள் இப்போது நாள் கடத்துகிறார்கள். அந்தத் தாய்க்குக் கிரிப்டோ என்று ஒன்று இருப்பதே தெரியாது. "எங்களுக்கு நடந்தது நடந்துவிட்டது, சாமி, படிக்கிறவர்களாவது அறிந்துகொள்ளட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

இதை எழுதத் துணிந்தபின், எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் பாடம் கேட்டேன். படிக்கக் கிடைத்ததையும் படித்தேன். ஐம்பதைக் கடந்தவனுக்கு இது எளிதில் விளங்குவதாயில்லை என்றாலும், அடிப்படை ஒன்று விளங்கிற்று. கிரிப்டோ என்னும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. குருமடத்தில் நாங்கள் கற்ற கிரேக்கத்தில் 'கிரிப்டோஸ்' என்றால் மறைவானது, ஒளித்து வைக்கப்பட்டது என்று பொருள். அதனால் கிரிப்டோ நாணயம் என்றவுடன் மறைவான பணம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலான கிரிப்டோ நாணயங்களில் மறைவாக இருப்பது பணத்தை எடுத்துச் செலவிடும் உரிமையைத் தரும் திறவுகோல் ஒன்றுதான். கொடுக்கல்வாங்கல் அனைத்தும் வெட்டவெளியில் நடக்கிறது. உண்டியலின் பூட்டு உறுதியானது. ஆனால் உண்டியல் கண்ணாடியால் ஆனது.

ஏன் அப்படி அமைத்தார்கள்? வங்கியில் நம் பேரேட்டை வங்கி எழுதுகிறது. நம்மிடம் பத்து ரூபாய் இருக்கிறதா, அதையே இருவருக்குக் கொடுக்கப் பார்க்கிறோமா என்பதை அது கவனித்துக்கொள்கிறது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான பிட்காயின் திட்டம், வங்கி இல்லாமலே இதனைச் செய்ய வழி கூறிற்று. அதற்கு அது கண்ட வழி, பேரேட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவது. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் படி இருக்கும். ஒரே காசை ஒருவர் இருமுறை செலவிட முயன்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதல் கட்டம் 2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் எழுதப்பட்டது. அன்று தொடங்கி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் இன்றும் அதில் உள்ளது. 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒருவர் இரண்டு பீட்சாக்களுக்காக 10,000 பிட்காயின் கொடுத்தாரே, அந்த வரியையும் வேண்டுவோர் இன்று எடுத்துப் பார்க்கலாம். பசி தீர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பற்றுச்சீட்டு மட்டும் மறையவில்லை.

பேரேட்டில் பெயர் இல்லை என்பது உண்மை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரிதான் இருக்கும். நாகமோட்டோவின் கட்டுரையே இந்த இடரை உணர்ந்திருந்தது. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் புதிய முகவரியைப் பயன்படுத்தவேண்டும் என்று அதில் அறிவுரை உண்டு. அப்படிச் செய்தாலும் சில தொடர்புகள் வெளிப்படுவதைத் தவிர்க்க இயலாது என்ற ஒப்புதலும் உண்டு. நாணயத்தை விற்றவர்களில் பலர் அப்பகுதியை நமக்குப் படித்துக் காட்டவில்லை.

அந்தத் தொடர்புகள் எப்படி வெளிப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடையில் 60 ரூபாய்ப் பொருளுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறோம். 440 ரூபாய் சில்லறை வருகிறது. பிட்காயினிலும் ஏறத்தாழ இப்படித்தான். கையிலுள்ள ஒரு தொகை முழுவதுமாக வெளியே போகும். அதில் விலை கடைக்காரருக்கும், மிச்சம் அனுப்பியவருடைய வேறொரு முகவரிக்கும் பிரிந்து சேரும். நாம் நீட்டியது 500 ரூபாய்த் தாளா, ஐந்து இலட்சம் ரூபாய்க் கட்டா என்பதைக் கடைக்காரர் கண்டுகொள்கிறார். மிச்சம் எங்கே போயிற்று என்று பின்தொடர்ந்தால் நம்முடைய அடுத்த முகவரியும், அதற்கடுத்ததும் அவருக்குத் தெரியக்கூடும். மேலும், பல முகவரிகளில் சிதறிக் கிடக்கும் சிறு தொகைகளை ஒன்றாகத் திரட்டி ஒரே செலவாக அனுப்பினால், அந்த முகவரிகள் அனைத்தும் ஒரே ஆளுக்கு உரியவை என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இது வெறும் ஊகம் அன்று என்பதை 2013-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சாரா மைக்கிள்ஜானும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து காட்டினர். அவர்கள் வாடிக்கையாளர்களைப் போலவே பல இடங்களில் 300-க்கும் மேற்பட்ட சிறு கொடுக்கல்வாங்கல்களைச் செய்து, எந்த முகவரி எந்த நிறுவனத்துடையது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு மேலே சொன்ன வகையில் முகவரிகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துப் பார்த்தபோது, பெயரற்ற பேரேட்டின் கணிசமான ஒரு பகுதிக்குப் பெயர்ப்பலகை மாட்ட முடிந்தது. இன்று இதனையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அரசுகள் அவற்றின் வாடிக்கையாளர்கள்.

பேரேடு எவ்வளவு பொறுமையானது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில், 'சில்க் ரோடு' என்னும் கள்ளச்சந்தை இணையதளத்தையே ஓர் இளைஞர் ஏமாற்றி, ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பிட்காயினை எடுத்துக்கொண்டார். திருடனிடம் திருடியதாதலால் முறையிடுவார் இல்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அவர் வீட்டிற்கு அதிகாரிகள் வந்தனர். தரைக்கடியிலிருந்த பெட்டகத்திலும், குளியலறை அலமாரியில் போர்வைகளுக்கடியில் ஒரு பாப்கார்ன் தகரப் பெட்டிக்குள் இருந்த சிறு கணினியிலுமாக 50,676 பிட்காயின் கைப்பற்றப்பட்டது. அன்றைய மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல். எடுத்தவர் தகரப்பெட்டியை ஒளித்தார். பேரேட்டை ஒளிக்க அவரால் முடியவில்லை.

திருடர் பிடிபடுவது நல்லதுதானே, நேர்மையாய் இருப்பவனுக்கு என்ன அச்சம் என்று சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. துபாய்த் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. அவருடைய நண்பரின் மனைவி ஒரு தவறும் செய்யவில்லை. நம் வீட்டுச் சமையலறைக்குக் கதவு வைத்திருப்பது களவுப் பொருளைச் சமைப்பதற்காகவா?

இதே கேள்வி 2022-இல் உலக அளவில் எழுந்தது. 'டொர்னேடோ கேஷ்' என்று ஒரு கருவி இருந்தது. பலருடைய நாணயங்களை ஒன்றாய்க் கலந்து, எது யாருடையது என்று தெரியாதபடி திருப்பித் தரும். இவ்வகைக் கருவிக்கு மிக்ஸர் என்றே பெயர், நம் ஊர்ப் பலகாரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வடகொரியக் கொள்ளையர் அதன்வழி திருட்டுப் பணத்தைக் கலந்தனர் என்று கூறி அமெரிக்க அரசு 2022 ஆகஸ்டு 8-ஆம் நாள் அதற்குத் தடை விதித்தது. மறுநாள், ஈதெரியம் என்னும் பெரிய கிரிப்டோ அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான விட்டாலிக் புட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அளிக்கத் தாமும் அதைப் பயன்படுத்தியதாக வெளிப்படையாய்ச் சொன்னார். போரில் அகப்பட்ட நாட்டிற்குப் பணம் அனுப்புகையில் மறைப்பு வேண்டுவது கொடுப்பவருக்காக மட்டுமன்று, பெறுபவருக்காகவும்தான். அத்தடை 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. அதற்குள், அந்தக் கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவருக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதம் ஐந்து ஆண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்திருந்தது. மறைவுக்கு உரிமை எதுவரை, குற்றத்திற்குத் துணை எங்கே தொடங்குகிறது என்பதில் அறிஞர்களே உடன்படவில்லை. ஆகவே, இத்தகைய கருவிகளை நாடுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

அதே வாரத்தில் நடந்த வேறொன்று என்னைச் சிரிக்கவும் அஞ்சவும் வைத்தது. யாரோ ஒருவர், தடை செய்யப்பட்ட அந்தக் கருவியிலிருந்து சிறு சிறு தொகைகளை எடுத்து, அமெரிக்கத் தொலைக்காட்சிப் புகழ் ஜிம்மி ஃபாலன், கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் முதலான பலருடைய முகவரிகளுக்கு அனுப்பிவிட்டார். அவர்களுடைய முகவரிகள் ஊரறிந்தவை. வரும் நாணயத்தை வேண்டாம் என்று மறுக்க இந்த அமைப்பில் வழியில்லை. தடைசெய்யப்பட்ட இடத்தோடு கொடுக்கல்வாங்கல் உண்டு என்று அவர்கள் பேரேட்டில் எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கருவூலத்துறையே, இப்படிக் கேளாமல் வந்த சிறு தொகைகளுக்காக நடவடிக்கை எடுப்பது தனக்கு முதன்மையன்று என்று பிறகு விளக்கம் தர வேண்டியதாயிற்று. நம் வாசலில் சேற்றைக் கொட்டிவிட்டு எவரும் போகலாம். கழுவ நம்மிடம் தண்ணீர் இல்லை. பெயரோடு சேர்த்து முகவரியை அச்சிடுபவர்கள் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பெயரும் முகவரியும் சேரும் இடம் எது? துபாய்த் தம்பி தம் கையாலேயே சேர்த்தார். நம் நாட்டில் பெரும்பாலோர் இந்நாணயங்களை வாங்குவது, பான் அட்டையும் ஆதாரும் பெற்றுக்கொண்டு கணக்குத் தொடங்கும் பரிவர்த்தனை நிலையங்களில்தான். 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரியும், அவ்வாண்டு ஜூலை 1 முதல் கைமாறுகையில் 1 விழுக்காடு பிடித்தமும் கொண்டுவரப்பட்டன. 2023 மார்ச் 7-ஆம் நாள் இந்நிலையங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. இவற்றில் எதையும் நான் குறைகூறவில்லை. அரசுக்குத் தெரிய வேண்டியது தெரியட்டும், வரியைச் செலுத்துங்கள். ஆனால் இந்நிலையங்களின் பதிவேட்டில் நம் பெயருக்கும் முகவரிக்கும் முடிச்சு விழுந்திருக்கிறது. அந்தப் பதிவேடு ஒருநாள் வெளியே போனால் என்ன ஆகும்?

போயிருக்கிறது. அமெரிக்காவின் பெரிய பரிவர்த்தனை நிலையமான கோயின்பேஸ், தன் வாடிக்கையாளர் உதவிப் பணியில் இருந்த சிலர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு விவரங்களைக் கொடுத்துவிட்டதாக 2025 மே மாதம் அறிவித்தது. 69,461 பேருடைய பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, அடையாள அட்டைப் படம், கணக்கிருப்பு முதலியன கயவர் கைக்குப் போயின. விவரங்களை வெளியிடாதிருக்க இரண்டு கோடி டாலர் கேட்டார்கள். அந்நிறுவனம் தர மறுத்தது. அதற்கு முன்பே, இந்நாணயங்களின் திறவுகோலைப் பாதுகாக்கும் சிறு கருவியை விற்கும் லெட்ஜர் என்னும் பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து 2020-இல் ஏறத்தாழ 2,72,000 வாடிக்கையாளரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் கசிந்து, அவ்வாண்டு இறுதியில் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. அதன்பின் அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. போலிக் கருவிகள்கூடத் தபாலில் வந்தன. வங்கியில் இதுபோன்ற கசிவு நேர்ந்தால் அன்றுவரை உள்ள கணக்கு தெரியும், கணக்கை மாற்றிவிடலாம். இங்கோ, முகவரியும் பெயரும் ஒருமுறை சேர்ந்துவிட்டால் பழைய வரிகளும் இனி எழுதப்படும் வரிகளும் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

பிரான்சில் 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அவர் மனைவியும் கடத்தப்பட்டனர். கிரிப்டோவாகப் பணம் கேட்டு, அவருடைய விரல் ஒன்றையும் வெட்டினர். காவல்துறை இருவரையும் மீட்டது. முன்சொன்ன கசிவுக்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை; அவர் பெரும் செல்வர் என்பது ஊரறிந்தது. ஆனால் ஒருவரிடம் இவ்வகைப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பிறர் அறிவது எத்தகைய இடர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வங்கியில் இருப்பதைக் கத்திமுனையில் எழுதி வாங்குவது கடினம். இதுவோ திறவுகோல் கைமாறினால் நொடியில் போய்விடும், திருப்பித் தர அதிகாரி ஒருவரும் இல்லை.

வீட்டில் பிள்ளைகள் இதில் ஈடுபட்டிருந்தால், பெற்றோர் அவர்களைத் திட்டுவதைவிடச் சில கேள்விகள் கேட்பது நலம். யாரிடமிருந்தும் பணம் பெறுகையில் புதிய முகவரி தருகிறாயா? பிட்காயினுக்கான பல செயலிகள் ஒவ்வொரு முறையும் தாமாகவே புதியது தருகின்றன. ஈதெரியம் போன்றவற்றில் பலர் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், சிலர் அதற்குச் செல்லப்பெயர் வேறு சூட்டிப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கிறார்கள். சேமிப்பையும் அன்றாடச் செலவையும் ஒரே முகவரியில் வைத்திருக்கிறாயா? உன் முகவரியை முகநூலில் எங்காவது இட்டிருக்கிறாயா? நீ ஒருவருக்கு அனுப்புவதால் அவருடைய நிலையும் வெளிப்படும் என்பதை அவரிடம் சொன்னாயா? உறவினருக்குக் கைமாற்றுக் கொடுத்து வாங்க வங்கிக் கணக்கு போதாதா? கடைசிக் கேள்வியைத் துபாய்த் தம்பியிடம் நானே கேட்டேன். "போதும் சாமி, சோம்பல்தான்" என்றார்.

அவர் இப்போது புதிய முகவரி வைத்திருக்கிறார். பழையதிலிருந்து புதியதற்கு நேரே மாற்றியிருந்தால் அந்த மாற்றமே இரண்டையும் காட்டிக்கொடுத்திருக்கும். ஆதலால் ஒரு பரிவர்த்தனை நிலையத்தில் செலுத்தி, அங்கிருந்து வேறாக எடுத்தார். நிலையத்தாருக்குத் தெரியும், அத்தானுக்கு எளிதில் தெரியாது. பழைய முகவரியை என் அலுவலறைக் கணினியில் திறந்து காட்டினார். இருப்பு சுழியாக இருந்தது. பதினான்கு மாதங்களின் பதினான்கு வரிகளும் அப்படியே இருந்தன.

பொதுப்பணத்திற்கு இந்தத் திறந்த பேரேடு பொருத்தமானதாகவே எனக்குத் தோன்றுகிறது. பங்கின் வரவுசெலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவன் நான். அதற்காகச் சிலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் பங்கின் முகவரியை அழைப்பிதழில் அச்சிட்டால் பங்கின் கணக்கு மட்டுமா திறக்கும்? பெயர் வேண்டாம் என்று நம்பி நூறு டாலர் அனுப்புகிறவரின் முகவரியும் அங்கே பதிவாகும். திருவிழா அழைப்பிதழ் கையிலுள்ள எவரும் அதைத் தொட்டு, அவர் பெட்டியின் அடிவரை பார்த்துவிடலாம். யார் என்று கண்டுபிடிக்க நம் ஊரில் ஆய்வாளர் தேவையில்லை. எந்த நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எப்போது அனுப்பினார்கள் என்பதெல்லாம் கோயில் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன், தம்பியின் கதையைத் தவிர. யோசனை கூறிய இளைஞர் சிறிது நேரம் தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே எழுந்துவந்து, அச்சுப்படியின் பின்னட்டையிலிருந்த அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். தம் சொந்த முகவரியை நண்பர் குழுவில் எத்தனை முறை இட்டிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

துபாய்க்குத் திரும்பும் முன் அந்தத் தம்பி கோயிலுக்கு வந்திருந்தார். வாசலருகே பழைய இரும்பு உண்டியல் ஒன்று உண்டு. சாவி போடும் துளை துருப்பிடித்து, ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டுத் திறக்கவேண்டும். அதில் எதையோ மடித்துப் போட்டுவிட்டு, எனக்குக் கைகூப்பிவிட்டுப் போனார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.